அடியில் இருந்த நான்கு எழுத்து

செம்மண்டலம், கடலூர்
11.3.2012

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். அங்கே லீட்ஸில் நீயும் மாப்பிள்ளை ஞானசேகரனும் குழந்தை எழிலும் அந்தக் குளிரிலும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. போனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன், வாய் வரவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் புயலில் பின் அறைக் கூரை பறந்து மழை உள்ளே கொட்டியதைச் சொன்னேன். அந்த அறையில்தான் வெள்ளிச் சாமான் இருந்த டிரங்குப் பெட்டி இருந்தது. கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆயிற்று, அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெயிலில் பரப்பினோம். உன் தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது இங்கிலாந்துக்குத் திரும்பிய வெள்ளைக்கார துரை கொடுத்துவிட்டுப் போன டீ செட், கெட்டில், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், பெரிய தட்டு, பன்னிரண்டு ஸ்பூன். துடைக்கும்போது தட்டின் ஓரத்தில் வெண்மை போய் அழுக்கு மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அம்மா பதறிப்போய், "வருஷா வருஷம் பொங்கலுக்குத் திருநீறு போட்டுத் தேச்சவ நான்தானே, நான்தான் தேச்சே கெடுத்துட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெள்ளி தேய்ந்தால் மஞ்சளாக ஏன் ஆக வேண்டும் என்று நான் அப்போதே யோசித்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் கலைமணி என்று ஒருவர் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். கெட்டிலை அவரிடம் கொண்டுபோனேன். அவர் அதை எடை போடக்கூட இல்லை, முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டுக்கொண்டு அடியில் அரத்தால் லேசாக ராவி ஒரு சொட்டு ஆசிட் விட்டார். பச்சையாக நுரைத்தது. "ஐயா, அசல் வெள்ளின்னா எவ்ளோ தேஞ்சாலும் உள்ளயும் வெள்ளிதான். முலாம்தான் தேஞ்ச எடத்துல காட்டிக் குடுத்துடும். இங்கிலீஷ்காரன் அசல் வெள்ளியில நடக்குற சிங்கம் ஒண்ணு முத்திரை அடிப்பான். இதுல பாருங்க, ஈ பி என் எஸ்-னு நாலு எழுத்துதான் இருக்கு. நிக்கல் கலந்த உலோகத்து மேல வெள்ளி முலாம்னு அர்த்தம். அவுங்க மறைக்கல ஐயா, எழுதித்தான் வெச்சிருக்காங்க" என்றார். இருபத்துநாலு வருஷம் என் வீட்டில் இருந்த சாமான், நான் ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

மறுநாளே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். பாகப்பிரிவினையில் மேல வீதி வீட்டை உன் பெரியப்பா உத்திராபதி எடுத்துக்கொண்டு, இந்த வெள்ளியை எனக்கு என்று ஒதுக்கினாரே, அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது? சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கெட்டிலை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இப்பதான் பாத்தியா?" என்றார். அப்புறம் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார், "என் மேல பாயாதே. அப்பா இத வாங்கின வருஷமே சோதிச்சுப் பாத்துட்டாரு. சின்னவன் தட்டிப் பாக்க மாட்டான், இத அவனுக்குக் குடுன்னு சொன்னதே அவருதான்." பொய்யாக இருக்கும் என்று திரும்பி பஸ் ஏறும்வரை நம்பப் பார்த்தேன். புவனகிரி தாண்டியதும் நம்பிக்கை போய்விட்டது. என் அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தானம்மா. படுக்கையில் கிடந்த அவரைக் கடைசி நான்கு வருஷம் குளிப்பாட்டித் துணி மாற்றியவன் நான். நான் சந்தேகப்பட மாட்டேன் என்பது அவருக்கு அந்தப் படுக்கையில் தெரிந்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். மூன்று வருஷம் முன்னால் நீ லீவில் வந்தபோது இந்த செம்மண்டலம் வீட்டை உன் தம்பி செம்பியன் பெயருக்கு எழுதினேன். பெண்ணுக்கு தாத்தா வெள்ளி மொத்தமும் இருக்கிறது, பையனுக்கு வீடு, கணக்கு சரி என்று நான்தான் சொன்னேன். நீ ஒரு கேள்வி கேட்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். பத்திர எழுத்தரைப் போய்ப் பார்த்தேன், செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் நானாகத் திருப்ப முடியாதாம், வாங்கினவன் மனசு வைத்தால்தான் உண்டாம். செம்பியனை உட்காரவைத்துச் சொன்னேன், பின்பக்க மனையையாவது உன் அக்காவுக்கு எழுது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அவ இருக்குற ஊர்ச் சாமான்தானப்பா, அங்கயே கொண்டுபோய் வித்துக்கட்டும்" என்றான். அம்மா அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. நான் பேசுகிறேன், அவன் வீட்டில்தானே இருக்கிறேன்.

எனக்குத் தெரியாது, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வீட்டை அளந்தேன், மதிப்புப் போட்டேன், நான்கு பேரிடம் விசாரித்தேன். உன் பங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீ ஒன்றும் கேட்க மாட்டாய் என்ற தைரியம்தான்.

எழிலுக்கு எங்கள் ஆசீர்வாதம். மாப்பிள்ளையை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், உன் குரல் கேட்டால்தான் அன்று சாப்பிடுகிறாள். நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதற்கு 'பரவாயில்லப்பா' என்று பதில் எழுதாதே. கோபமாக எழுது. எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் எழுது, நான் உட்கார்ந்து முழுதும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொன்னுரங்கம்