இடிவேந்தனுக்குப் போட்ட பூஜ்யம்

ஜூன் 8
கணக்கு வாத்தியாராகப் பணியில் இருந்தபோது கனிஷ்கா என்றொரு மாணவி கேட்டாள்: "விடை தப்புன்னா எதுக்குங்க சார் பாதி மார்க்கு?" வழி சரியாக இருந்தால் வழிக்கு மார்க் உண்டு என்றேன். இன்று அது ஞாபகம் வந்தது. காரணம் இடிவேந்தன்.

முப்பது வருடமாக மாதந்தோறும் படிக்கும் காமிக்ஸ். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற போத்தனூர் ஜெரோமும் நானும் சேர்ந்து ஒரு பிரதி வாங்குவோம். முதலில் நான், பிறகு அவர். போன இதழில் இடிவேந்தனும் மனைவி தாமரையும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். புதுக் கதாசிரியர் இந்த இதழைத் தொடங்குவதே ஒற்றை வரியில்: 'தாமரை இறந்து ஆறு மாதம்.' எப்படி இறந்தாள்? ஒன்றுமில்லை. கேள்விக்கு அடுத்த வரியிலேயே விடை எழுதி வைத்த பரீட்சைத் தாள் மாதிரி. சிவப்புப் பேனாவால் 'வழி எங்கே?' என்று எழுதி, பூஜ்யம் போட்டு வட்டமிட்டு, அப்படியே ஜெரோமுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 12
ஜெரோமிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 15
நேரில் போனேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பூஜ்யம் போட்டுட்டீங்க வாத்தியாரே. எனக்கு மட்டும் வழி தெரியுமாங்க? கிருபாவை ஆஸ்பத்திரியில சேத்தது தெரியும். இப்ப இந்த டீயைப் போட்டுட்டு நிக்கறது தெரியும். நடுவுல ஒண்ணும் ஞாபகமில்லீங்க."

கிருபா அவர் மனைவி. டிசம்பரில் போனார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவனே நான். அந்தப் பக்கத்தைப் போய் அவர்கிட்ட நீட்டியிருக்கேனே — எங்கே போச்சு என் புத்தி?

இனிமேல் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று இதழைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது வருடம்.

ஜூன் 16
என் மனைவி பொற்கொடியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "பரீட்சைக்குத்தான் மறுகூட்டல் இருக்குதே. இதுக்கு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 19
எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

இடிவேந்தன் இரண்டு தம்ளர் எடுக்கிறான். ஒன்றைத் திரும்ப வைக்கிறான். எட்டாம் பக்கத்தில் எதிரி சுவரை இடிக்கும்போது, சண்டைக்குப் போகுமுன் தாமரையின் செருப்பை ஓரமாக எடுத்து வைக்கிறான். வழி இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

பூஜ்யத்தை அடித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் மார்க் போட்டேன். மொத்தம் அறுபத்தொன்று. தாமரைக்கு இன்னும் இரண்டு பக்கமாவது கொடுத்திருக்கலாம் — அந்தக் கோபம் மட்டும் போகவில்லை.

ஜூன் 22
ஜெரோமிடம் மன்னிப்புக் கேட்டு, இதழைக் கொடுத்தேன். செருப்புப் படத்தில் வெகுநேரம் நின்றார். நான் அதற்கு ஐந்து போட்டிருந்தேன். பேனாவை வாங்கிப் பத்தாக்கினார். "அப்பவே நீங்க கஞ்சம்னு பசங்க சொல்லுவாங்க."

ஜூலை 6
புது இதழ் வந்தது. ஜெரோம் போனில், "நான் வாரேனுங்க. பிரிச்சுப் போடாதீங்க" என்றார்.

சேர்ந்தே படித்தோம். இடிவேந்தனுக்குப் புதுச் சட்டை, கத்தரிப்பூ நிறத்தில். ஜெரோம் கதாசிரியரைத் திட்டிய திட்டில் பொற்கொடி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஒரு கதை உன்னைக் கோபப்படுத்தினால், எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு இன்னொரு முறை பார்.