அப்பாவின் வெந்நீர்ப் பை

பார்ன்ஸ்லி
19 நவம்பர் 1981

அன்புள்ள லொரைன் அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. என் கட்டிலுக்கடியில் ஒரு சிந்தசைசர் இருக்கிறது, கரண்டில் வாசிக்கும் கீபோர்டுப் பெட்டி.

அது என் வகுப்புப் பையன் கிளைவுடையது. அவன் வீட்டில் அதைப் போட்டால் டிவியில் கோடு கோடாக ஓடுகிறதாம். "என் நாடகம் முடியற வரைக்கும் அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்கிறாள் அவன் அம்மா. அந்த நாடகம் நான் பிறந்ததிலிருந்து முடியவில்லை.

கிளைவ், நைஜல், நான், மூவரும் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். நைஜல் பாடுவான். பாடும்போது சிரிக்கக் கூடாதென்று தினமும் கண்ணாடி முன் பழகுகிறான். நான் வாசிப்பேன். கிளைவ் தாளப் பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

நிலக்கரிச் சுரங்கத்தின் ஊதுவாத்திய பேண்டை நடத்துகிறவரின் மகள் இப்படிச் செய்யலாமா? அப்பா டிவியில் ஒருவன் சிந்தசைசர் வாசிப்பதைப் பார்த்து, "மூச்சு விடாம வாசிச்சா அது வாத்தியமா? வாஷிங் மெஷின்!" என்றார். வியாழக்கிழமை பேண்டு ஒத்திகைக்குப் போகாமல் குழுவோடு பழகுவதற்காக, தையல் வகுப்பு என்று பொய் சொல்லியிருக்கிறேன். "என்ன தைக்கிறே?" என்றார். ஏப்ரன் என்றேன். ஒரு மாதமாக அதே ஏப்ரன்தான்.

என் அறைக் குளிரில் பெட்டியின் சுருதி இறங்கிவிடுகிறது. அதனால் அப்பாவின் வெந்நீர்ப் பையை அதற்கு வைக்கிறேன். அவர் வீடு முழுக்கத் தேடுகிறார். கண்டுபிடித்தால் பெட்டியும் போகும், குழுவும் போகும். என்ன செய்ய?

பயத்துடன்,
ஜனீன்

லீட்ஸ், நர்சுகள் விடுதி
25 நவம்பர் 1981

ஜனீன் கண்ணே,

அக்கா எப்படியிருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டாயா? கடிதம் முழுக்கப் பெட்டியின் உடல்நலம்.

இத்துடன் ஒரு ஏப்ரன். எங்கள் சமையலறையில் சுட்டது. அடுத்த மாதம் பாவாடை கேட்காதே. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. கத்துவார், அப்புறம் டீ போடச் சொல்வார்.

முத்தங்களுடன்,
லொரைன்

பார்ன்ஸ்லி
12 ஜனவரி 1982

அன்புள்ள அக்கா,

நீ நலமா? (கேட்டுவிட்டேன்.)

உன் ஏப்ரன் என்னைக் கெடுத்தது. அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டி, பேண்டுக் கோட்டுகளுக்கெல்லாம் என்னைப் பட்டன் தைக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

தொழிலாளர் கிளப்பில் சனிக்கிழமை வரவேண்டிய நகைச்சுவைக்காரருக்குக் காய்ச்சல். கச்சேரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓல்ட்ராய்ட் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றிரவு அப்பா பேண்டோடு ஹடர்ஸ்ஃபீல்டில் போட்டிக்குப் போகிறார், நல்லவேளை. ஆனால் குழுவுக்கு இன்னும் பெயரில்லை. கிளைவுக்கு 'சாம்பல் நடைவழி', நைஜலுக்கு 'இரும்பு இதயம்'. ஓல்ட்ராய்ட், "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கடா, பலகையில எழுதணும்" என்கிறார். என் பெயர் மட்டும் எங்கும் வேண்டாமென்று கெஞ்சியிருக்கிறேன்.

ஜனீன்

பார்ன்ஸ்லி
18 ஜனவரி 1982

அன்புள்ள அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன்.

பனி கொட்டிப் போட்டி ரத்தாகி, பேண்டு மொத்தமும் வாத்தியங்களோடு நேராகக் கிளப்புக்கு வந்துவிட்டது. பசங்கள் கடைசிவரை சண்டை போட்டதால் ஓல்ட்ராய்ட் தானே பெயர் வைத்துப் பலகையில் எழுதியிருந்தார்: 'பாட்டம்லியின் மகளும் வேறு ரெண்டு பேரும்.' ஊரில் பாட்டம்லி என்றால் அப்பா ஒருவர்தானே!

அப்பா முதல் மேசையில். முகம் பீட்ரூட். பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும் ஓல்ட்ராய்ட், "போதும் கண்ணுங்களா, பிங்கோ நேரம்!" என்று எங்கள் பிளக்கைப் பிடுங்கி, அந்த எண் விளையாட்டுக்கான பந்துகளை ஊதும் எந்திரத்தைச் சொருகினார். மேடைக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது. ஆட்டம் முடிவதற்குள் பெட்டி ஐஸ், வெந்நீர்ப் பையும் ஐஸ். மறுபடி வாசித்தால் நைஜல் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். "அந்தப் பூனையை யாராச்சும் வெளிய விடுங்கப்பா!" என்று ஒருவர் கத்தினார்.

அப்பா எழுந்து மேடையேறினார்.

"என்னடி இது?"

"குளிர்ந்துபோச்சுப்பா."

"குளிர்ந்தா சுருதி இறங்குமா?"

"ஆமாப்பா."

காய்ச்சல் பார்ப்பதுபோல் பெட்டிமேல் கை வைத்தார். "என் கார்னெட்டும் இப்படித்தான்டி" என்றார். கார்னெட்டை எடுத்து, உள்ளே மூச்சு விட்டுச் சூடாக்கி, ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தார். கண்ணால் 'இதுக்கு வா' என்றார். நான் பெட்டியின் குமிழைத் திருகித் திருகி அந்த ஸ்வரத்துக்கு வந்து சேரும்வரை அவர் விடவில்லை. சிரிக்காத நைஜலே சிரித்துவிட்டான்.

இறங்கப் போனவர் பெட்டிக்கடியில் பார்த்துவிட்டார். "அடிப்பாவி, என் வெந்நீர்ப் பை!" எங்கள் பாட்டுகளைவிட அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். வாசலில், "ஏப்ரன் யார் தைச்சது?" என்றார்.

"அக்கா சுட்டதுப்பா."

"பட்டன்?"

"நான்தான்."

"தெரியும். மூணு உதிர்ந்துடுச்சு."

இனி வியாழக்கிழமை பேண்டு ஒத்திகைக்குப் போகவேண்டும். அது முடிந்ததும் பேண்டு அறை எங்களுக்கு. அங்கே அடுப்பு இருக்கிறது! ஓல்ட்ராய்ட் மார்ச்சிலும் கூப்பிட்டிருக்கிறார், அதே பெயரில்தான். 'வேறு ரெண்டு பேரும்' இன்னும் அழுகிறார்கள்.

இன்று அப்பா புது வெந்நீர்ப் பை வாங்கி வந்தார். எனக்கென்று நினைத்தேன். அவருக்காம். பழையது பெட்டிக்கு.

இனி ஒளிந்து எழுத வேண்டியதில்லை. ஆனாலும் போர்வைக்குள்தான் எழுதுகிறேன், பழகிவிட்டது. இதோ கீழேயிருந்து அவர் குரல்: "ஜனீன், லைட்டை அணைடி! அந்தப் பொட்டியும் தூங்கணும்ல!"

உன்,
பாட்டம்லியின் மகள்