வெள்ளி ஒட்டாத இடம்

விருதுநகர்
15-10-61

சிரஞ்சீவி காளிராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பா நலம், பூரணம் நலம். என் நலத்தைப் பற்றி உனக்கு எழுத ஒன்றுமில்லை, அதை நீ என்னைவிட நான்கு மாதம் முன்பே அறிந்தவன். நீ பம்பாயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

ஊர்ச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது. மழை இன்னும் இறங்கவில்லை. வத்தல் மூட்டை வரத்துக் குறைந்துவிட்டது என்று அப்பா கடையிலிருந்து வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது, சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் சீசன் உச்சத்தில் நிற்கிறது, அதனால் என் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. உன் தங்கை பூரணத்தின் கல்யாணம் கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தம் என்று உறுதியாகிவிட்டது. பத்திரிகையைச் சிவகாசியிலேயே அடிக்கக் கொடுத்திருக்கிறோம். அதில் உன் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான்தான். கொடுத்தது போன திங்கட்கிழமை. ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் என்ன எழுதிக் கொடுத்திருப்பேன் என்று தெரியவில்லை.

சித்திரை லீவில் நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது. நான் முற்றத்தில் உட்கார்ந்து புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தேன். என் இடது முழங்கைக்குக் கீழே நாலணா அளவுக்கு வெளுத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு கோழி இறகை எடுத்து, எங்கே தொடுகிறேன் சொல்லும்மா என்று சின்னப்பிள்ளை விளையாட்டுப் போலக் கேட்டாய். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். எத்தனை முறை தப்பாகச் சொன்னேன் என்று நீ சொல்லவில்லை. வெயிலில் வந்த தேமல் என்றாய். பிறகு, நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் பையன்களுக்கு நோயில்லாத தோல் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு துண்டு வேண்டும், உன் கையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்றாய். உளுந்து அளவுதான் என்றாய். நான் கையை நீட்டினேன். ஊசி போட்டு, வெட்டி, மருந்துத் தண்ணீர் சீசாவில் போட்டு, என் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டினாய். ஒரு தையல் போட்டாய். வலித்ததா என்று கேட்டாய். இல்லை என்றேன், அது நிஜம்தான், எதனால் நிஜம் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

முந்திய வருஷம் நீ எங்கள் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் யாருடைய தோலையோ எனக்குக் காட்டியிருந்தாய் அல்லவா. மேலே பாய் அடுக்கி வைத்த மாதிரி ஒரு வரிசை, அதன் கீழே ரோஜா நிறத்தில் நார், ஆழத்தில் நூல்கண்டு மாதிரிச் சுருண்டு கிடப்பதுதான் வேர்வைச் சுரப்பி என்று சொன்னாய். இருபது வருஷமாகப் பாடப் புத்தகத்துப் படத்தைக் காட்டி நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் தோல் என்பது என்னவென்று புரிந்தது. அதனால்தான் உன் சீசாவில் என் துண்டு மிதந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் எட்டாம் வகுப்பில் கையிலிருந்த தழும்பைக் காட்டி, இந்தத் துண்டை என் மகன் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி வைத்திருக்கிறான், பம்பாயில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் உங்கள் டீச்சரின் தோலைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இந்த நாலைந்து நாளாக என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆனி மாதம், பூரணத்துக்கு இந்தச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தபோது, உன்னிடமிருந்து மாத்திரைப் பார்சல் வந்தது. சீசாவில் பெயர் ஒட்டவில்லை. ரத்தம் ஊறுவதற்கு, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறான் என்று அப்பா சொன்னார், சாப்பிட்டேன். அந்த மாதத்திலிருந்தே அவர் சரக்குக்குக் காவல் வேண்டும் என்று கடை மச்சிலில் படுக்கப் போய்விட்டார். எனக்கென்று ஒரு பித்தளை டம்ளரைத் தனியாக எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கேட்டதற்கு, உன் டம்ளரில் எவனெவனோ குடிக்கிறான் என்று எனக்குப் பரிவது போலவே சொன்னார். நான் என்னென்னவோ நினைத்தேன் ராஜா. நாற்பத்துநாலு வயதில் ஒரு பெண் தன் புருஷன் விலகிப் போவதைப் பார்த்து என்னவெல்லாம் நினைப்பாள் என்பதை மகனுக்கு எழுத முடியாது. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்ததும், மல்லாங்கிணறு ஜோசியர் ஜாதகம் பார்த்ததாகவும், என் நட்சத்திரம் பூரணத்துக்கு ஆகாதாம், தாரை வார்க்கும்போது நான் சொம்பைத் தொடக்கூடாதாம், உன் அய்யம்மாள் அத்தை என் இடத்தில் நின்று தண்ணீர் விடட்டும் என்றும் சொன்னார். நான் ஜாதகத்தை நம்பாதவள், அது இந்தத் தெருவுக்கே தெரியும். ஆனாலும் பெண்ணுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்று ஒரு சொட்டுப் பயம் விழுந்தது, தலையாட்டிவிட்டேன். அப்படித் தலையாட்டியதற்காக என்னையே எத்தனையோ நாள் வைதுகொண்டிருந்தேன். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் மூன்றாம் மனுஷியாக நிற்கப் போகிறோமே என்று அழுததும் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆமத்தூர் போனேன். என் வகுப்பு மூக்கம்மாள் பத்து நாளாக வரவில்லை, நன்றாகப் படிக்கிற பிள்ளை, கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்களோ என்று பார்க்கத்தான். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெயிலில் நடந்து போனதில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் அம்மா குருவம்மாள் அப்போதுதான் கம்பெனி லாரியிலிருந்து இறங்கி வந்தாள். அலுமினியப் பொடி சலிக்கிற வேலை, நெற்றியிலிருந்து விரல் நுனிவரை வெள்ளிக் கவசம் சாத்தின அம்மன் மாதிரி இருந்தாள். தீவாளி முடிஞ்சதும் அனுப்பிருதேன் டீச்சரம்மா, அதுவரைக்கும் வீட்ல கைப்பிள்ளைய அவதான பாக்கணும் என்று சொல்லிக்கொண்டே பாயை உதறிப் போட்டாள். நான் தண்ணீர் வாங்கி, அன்றைக்குச் செவ்வாய் என்பது ஞாபகம் வந்து, பையிலிருந்த மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனேன். அவள் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். இது என்னத்துக்குத் திங்கீக என்றாள். ரத்தம் ஊற என்றேன். எந்த ஊரு ரத்தம் டீச்சரம்மா செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஊறுது என்று கேட்டுவிட்டு உள்ளே போய், ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து என் மடியில் பிரித்தாள். அதே அளவு, அதே வெள்ளை, நடுவில் அதே கோடு. வேன்ல வந்து குடுக்காகளே, பெருநோய்க்கு, அந்த மாத்திரைல்லா இது என்றாள். புத்தகத்தில் தொழுநோய் என்று போட்டிருப்பதை அவள் சளி, இருமல் என்று சொல்வது போலச் சொன்னாள்.

என் முகம் எப்படி ஆனதோ, அவள் பதறிவிட்டாள். உங்ககிட்ட யாரும் சொல்லலியா, எங்கிட்டச் சொன்னாகளே என்றாள். அவளுக்கு முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லையாம், இந்தப் பொடிதானாம். வேர்வை இருந்தாத்தான் பொடி ஒட்டும், எனக்கு இங்கன ஒரு வட்டம் மட்டும் ஒட்டவே இல்ல, கூட வேலை பாக்குறவளுக எல்லாம் என்னடி உனக்கு மட்டும் சல்லடை ஓட்டையா விழுந்திருக்குன்னு கேலி பண்ணுனாளுக, பெறகுதான் வேன்காரருகிட்டக் காட்டுனேன், அவரு ஒரு சின்னத் துண்டு வெட்டி மதுரைக்கு அனுப்பிட்டு, வந்ததும் வாசிச்சே காட்டுனாரு, பெருநோய்தான், ஆரம்பம், யாருக்கும் ஒட்டாத வகை, மாத்திரை தின்னா போயிரும்னாரு. ஒன்றரை வருஷமாகச் சாப்பிடுகிறாளாம். இப்ப ஓரத்துல ஒட்ட ஆரம்பிச்சிருச்சு பாருங்க என்று கையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பொடி படிந்த உள்ளங்கையால் என் இடது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவினாள். கை முழுக்க வெள்ளியாயிற்று. உன் தையல் தழும்பைச் சுற்றி மட்டும், நாலணா அளவுக்கு, என் தோல் அப்படியே இருந்தது. நீ காட்டிய நூல்கண்டு அந்த இடத்தில் செத்துப் போயிருக்கிறது என்பதை உன் படிப்பு எனக்குச் சொல்லவில்லை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி சொன்னாள்.

உள்ளதை எழுதுகிறேன். அவளுக்கு அந்த நோய் என்று முன்பே தெரிந்திருந்தால் நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்க மாட்டேன், அவள் டம்ளரில் தண்ணீர் குடித்திருக்க மாட்டேன். அறிவியல் நடத்துகிறவள்தான், ஆனாலும் மாட்டேன். அந்த வெட்கத்தோடுதான் பஸ் ஏறினேன். கையைக் கழுவாமல் நேராகக் கடைக்குப் போய் அப்பா முன்னால் நீட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து, ஆனியில் நீ அவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். டாக்டருப் பிள்ளை எழுதுறான், நான் வத்தல் யாவாரி, என்னத்த எதுத்துப் பேசச் சொல்லுத என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கு அப்போது யார்மேலும் இரக்கம் வரவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நரம்பைச் சுற்றியும் வேர்வைச் சுரப்பியைச் சுற்றியும் செல்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கின்றன, கிருமி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, ஒட்டாத வகை, இரண்டு மூன்று வருஷம் மாத்திரையில் தீர்ந்துவிடும் என்று அழகாக, தெளிவாக எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த பாராவிலேயே, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பாத்திரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தில் அம்மா கையால் எதுவும் செய்ய வேண்டாம், பின்னால் சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் பேச்சாகும், ஜோசியர் சொன்னதாகச் சொல்லுங்கள், நம்பமாட்டாள், ஆனால் பூரணத்துக்காக என்றால் ஒத்துக்கொள்வாள் என்று எழுதியிருந்தாய்.

நோய் என்றதும் ஒரு வாரம் அழுதிருப்பேன், அது உண்மை. எழுந்தும் இருப்பேன். என்னை நோகவைக்கக்கூடாது என்று நீ மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன், பிள்ளைகள் அப்படிச் செய்வதுதான். ஆனால் ஒட்டாது என்று நீயே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ஒட்டும் என்பவர்களைப் போல நடந்துகொண்டாயே, அது எப்படி. உன் படிப்பை நீயே நம்பவில்லையா, இல்லை, அது அடுத்தவர்களின் அம்மாவுக்கு மட்டுந்தானா. கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தாலும் தாண்ட முடியவில்லை. என்னை உன்னளவு அறிந்தவர்கள் இந்த உலகத்தில் யாருமில்லை. என் மனதில் எந்த இடத்தில் தொட்டால் பயப்படுவேன், எந்த இடத்தில் தொட்டால் மறுக்கமாட்டேன் என்று தெரிந்து, அங்கே கத்தியை வைத்தாய். அந்த இடம் மரத்துப் போயிருக்கவில்லை காளி.

பூரணத்திடம் நானே சொல்லிவிட்டேன். முதலில் அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள், அதை நான் பார்க்காதது போல இருந்தேன். கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். மறுநாள் காலையில் மேல்தட்டுப் பித்தளை டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இனிமே எது யாருதுன்னு எனக்குத் தெரியாது, எதுல வந்தாலும் குடிச்சுக்கோங்க என்று அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள். அவர் அதில்தான் காப்பி குடித்தார், அல்லது அதில் இல்லையோ, யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கடைக்குப் போகும்போது, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று வாசலில் நின்று சொன்னார். நிற்கலாம். அது எனக்கும் தெரியும், பூரணத்துக்கும் தெரியும். அவளைக் கேட்டேன், ஒளிச்சு வச்சுப் போனா அங்கன ஆயுசுக்கும் கையை மூடிக்கிட்டேல்லம்மா இருக்கணும் என்றாள்.

அதனால் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே புறப்பட்டு வா. வரும்போது என் பெயர் ஒட்டிய அந்தக் கண்ணாடிச் சில்லைக் கையோடு கொண்டு வா, அது என் தோல், ஒருமுறையாவது நான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பை எடுத்து வைக்கிறேன், நீ பக்கத்தில் நின்று எது எது என்ன என்று பொய் கலக்காமல் சொல். அதன்பிறகு மாப்பிள்ளையின் அப்பாவிடம் நாம் இருவரும் போவோம், பேச வேண்டியவன் நீ, பட்டம் வாங்கியவன் நீ. கேட்டுவிட்டு அவர்கள் சரி என்றால் தாரைச் சொம்பு என் கையில் இருக்கும். விலகி நில் என்றால், பூரணம் சம்மதித்தால், எதற்காக நிற்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிய விலகி நிற்பேன். நட்சத்திரத்தைச் சொல்லி நிற்கமாட்டேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை, வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. பம்பாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ராத்திரி கண் விழித்துப் படிக்காதே. தீர்க்காயுளோடும் நல்ல பேரோடும் இரு. எப்போதும் கடிதத்தில் மடித்து அனுப்பும் திருநீற்றுப் பொட்டலத்தை இந்த முறை தேடாதே, வைக்கவில்லை. வந்து என் கையிலிருந்து வாங்கிப் பூசிக்கொள், இடது கையால்தான் தருவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துமாரியம்மாள்