சோறு சம்பளத்தில் சேராது

காஜா பேராங், மலாக்கா
3.3.1957

அன்பு மகள் ருக்மணிக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் கடையும் சுகம், சிங்கப்பூரில் நீயும் உன் படிப்பும் சுகமாக இருக்க நேற்றுத்தான் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நீ பத்திரிகைக்கு எழுதியதை அப்பா படித்துக் காட்டினார். கடைச் சிப்பந்திகளுக்கு இதற்குக் குறையாத சம்பளம் என்று சட்டம் வரவேண்டும், முதலாளி போடும் சோற்றையும் படுக்க விடும் இடத்தையும் அதில் கழிக்கக் கூடாது என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருக்கலாம். மலாக்காவில் ஒரு ஜவுளிக்கடையில் நரைத்த தலையோடு ஒருவர் துணி வெட்டும் மேசைமேல் படுத்து, முதலாளி வீட்டார் சாப்பிட்ட மிச்சத்தை உண்கிறார் என்றும் எழுதினாய். வீட்டில் வாய் திறக்காத பெண், மூலையில் உட்கார்ந்து எல்லாம் பார்த்திருக்கிறாய். பெயர் போடாவிட்டால் தெரியாதா? பெண்டஹாரா சாலையில் மேசைமேல் படுப்பவன் நம் கடை நல்லையா ஒருவன்தான்.

மறுநாளே எதிர்க்கடை சேதுபதி வாசலில் நின்று, என்ன நல்லையா, இன்னிக்கு முதலாளியம்மா வழிச்சு அனுப்புனது என்ன, மீன் முள்ளா, என்று கேட்டிருக்கிறார். சம்பளத்தைக் கூட்டலாமா என்று பேசுவதற்காகக் கூடியிருந்த கடைக்காரர்கள், மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமாகறதுக்கு முன்னமே உங்க வூட்டுப் பொண்ணு சட்டம் போட்டுருச்சே, என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்களாம். நல்லையா அன்று நான் சோறு போட்டு அனுப்பிய தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் நம் சமையற்கட்டு வாசலில் வந்து, பாப்பா ஏம்மா அப்படி எழுதுச்சு, நான் எப்பவாச்சும் குறை சொன்னேனா, என்று அழுதான். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை.

நீ கேட்ட சம்பளத்தை அப்பா சட்டத்துக்குக் காத்திராமல் கொடுத்துவிட்டார். சோறு சம்பளத்தில் சேராது என்றாயே, ஆகையால் நான் சோறு அனுப்புவதை நிறுத்தினேன். மேசையும் சேராது, கடைச் சாவியை வாங்கிக்கொண்டோம். செமாபோக்கில் அறை எடுத்தான், வாடகையும் சாப்பாட்டுக் கடையும் போக முன்பைவிடக் குறைவாகத்தான் மிஞ்சுகிறதாம். பழையபடியே இருந்துக்கறேம்மா, கூட்டுன சம்பளம் வேணாம், என்று வந்து நின்றான். அப்பா இரங்கப் பார்த்தார், நான்தான் விடவில்லை. தூக்குச்சட்டி கடைக்குப் போவது நாம் சாப்பிட்ட பிறகுதான், ஆனால் பானை இறங்கியதும் அவன் பங்கை முதலில் எடுத்து மூடிவிட்டுத்தான் உனக்குப் பரிமாறுவேன். அதை மட்டும் நீ பார்க்கவில்லை, என் சோற்றுக்கு மிச்சம் என்று பெயர் வைத்தாய்.

அதனால் நல்லையாவிடம், பாப்பா உனக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்து வைத்திருக்கிறாள், புறப்படு என்று சொல்லிவிட்டேன். அப்படியாம்மா, அது என்னை நெனச்சுத்தான் எழுதியிருக்கு, என்று சந்தோஷப்பட்டான். அவன் இடத்துக்கு வேறு ஆள் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறான், உன் விடுதி முகவரியைச் சட்டைப்பைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லை என்பதை நீயே உன் வாயால் சொல்.

செவ்வாய், வெள்ளியில் எண்ணெய் தேய்த்துக் குளி, கண் விழித்துப் படிக்காதே. நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கப் போகிறவள், நீண்ட ஆயுளோடும் குறையாத புகழோடும் இரு. அவன் பசியோடு வருவான், மறந்துவிடாதே.

உன் அம்மா,
பொன்னம்மா