அப்பா சைக்கிள்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
11.7.1977

அன்பு மகன் ரோச்சுக்கு,

அப்பா இஞ்ஞாசி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம். சுகமில்லாதவை என் முழங்கால்கள் இரண்டு மட்டும்தான். அவற்றை நினைத்து நீ அங்கே சாப்பாடு இறங்காமல் கிடக்கிறாய் என்று உன் தைல டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

டப்பா வந்து சேர்ந்தது. புதன்கிழமை ஜேசுபாதம் கொண்டுவந்தான். துறைமுகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சரக்குக் கணக்கு எழுதியவன். நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற ஒரே மனுஷன். "சிங்கப்பூர்லருந்து ஒங்க மகன் ஆள்மூலமா குடுத்துவிட்டிருக்கான் அண்ணாச்சி" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தையும் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன். ஜேசுபாதத்துக்குப் பொய் செரிக்காது என்று எனக்குத் தெரியும்.

அதேபோல்தான் ஆயிற்று. சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறான். அதுவும் போதவில்லை போலிருக்கிறது. நேற்றுக் காலைப் பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, போட்டுக் கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். உன் கப்பல் சிங்கப்பூருக்குப் போகவில்லையாம். கல்கத்தாவுக்கு உப்புக் கொண்டுபோகிற கப்பலாம். இங்கே நம்முடைய புதுத் துறைமுகத்துக்கே வந்து, மூன்று நாள் நின்று, நம்முடைய உப்பையே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறதாம். நீ துறைமுக வாசலுக்கு வெளியே டீக்கடையில் நின்றாயாம். அவனைப் பார்த்ததும் டப்பாவைக் கையில் திணித்து, சிங்கப்பூர் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினாயாம்.

ரோச், அந்த டீக்கடையிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு சைக்கிளில் வர ஒரு மணி நேரம் ஆகாது. முழங்கால் தேய்ந்துபோன நானே வந்துவிடுவேன். உனக்குக் கால்கள் நன்றாக இருக்கின்றன. வேறு எதுவோ தேய்ந்து போயிருக்கிறது. அதற்குத் தைலம் கிடைத்தால் ஒரு டப்பா வாங்கி நீயே தேய்த்துக்கொள்.

போன கடிதத்தில் எனக்கு நிறைய புத்தி சொல்லியிருந்தாய். இந்த வயதில் சைக்கிள் கூடாது, விற்றுவிடுங்கள், பஸ்ஸில் போங்கள், ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம். படித்துவிட்டுச் சிரித்தேன். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்ட நீ, இந்த முழங்கால் எங்கே போய் வருகிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்காமல் இருப்பதில் நீ கெட்டிக்காரன்.

வைத்தியம் எதுவும் பார்க்காமல் இல்லை. உடன்குடியிலிருந்து சந்தைக்கு வந்த செந்தூர்பாண்டி வைத்தியரைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். முட்டை வெள்ளையையும் உளுந்து மாவையும் குழைத்து இரண்டு முழங்காலிலும் பத்துப் போட்டுத் துணி சுற்றினார். வலி அப்படியே இருந்தது, தெருநாய் மட்டும் நான் போன இடமெல்லாம் கூடவே வந்தது. கோயில் விளக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். பாயில் எண்ணெய்க் கறை பட்டதுதான் மிச்சம். நோகாத கால் உள்ளவர்களெல்லாம் என் காலுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பது உப்புக் காற்றும் யோசனையும்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு டாக்டர். காலை மடக்கிப் பார்த்தான், நீட்டிப் பார்த்தான், எதில் வந்தீர்கள் என்று கேட்டான், பிறகு வெளியே வந்து, சைக்கிளில் ஏறி ஓட்டிக் காட்டச் சொன்னான். ஓட்டினேன். என் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பாரில் இடிக்கிற அளவுக்கு எழும்புவதைப் பார்த்து நர்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "சீட்டை நாலு விரக்கடை ஏத்துங்க பெரியவரே, வேற மருந்தே வேண்டாம்" என்றான். சரியாகத்தான் சொன்னான். ஆனால் அது எனக்கு முன்பே தெரியும். அந்த சீட்டில் உட்கார்ந்த முதல் நாளே தெரியும்.

அது உன் சைக்கிள். என்னுடையது துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. நீ உன் அம்மாவைப் போலக் குட்டை, நான் நெட்டை. கப்பலுக்குப் புறப்பட்ட அன்று காலை, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, நீ சீட்டை உன் காலுக்கு அளந்து முறுக்கினாய். "யாரும் இதத் தொட்டுராதீங்கப்பா, மூணு மாசத்துல வந்திருவேன்" என்றாய். உன் பெண்சாதி மரியசெல்வி மாசமாக இருந்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் அதே மூன்று மாதத்தைத்தான் சொன்னாய்.

நான் தொடவில்லை. போல்ட்டு இறுகிவிடக் கூடாதென்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான். சீட்டை உயர்த்தினால் நீ வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று ஒரு கிறுக்குத்தனம். துறைமுகத்தில் அத்தனை வருடம் கணக்குப் பார்த்தவன், இந்த ஒரு விஷயத்தில் முட்டாளாக இருந்துவிட்டேன். இருக்கட்டும். உன்னைப் பெற்றவன்தானே.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தச் சைக்கிளில் நான் போவது பழையகாயலுக்கு. உன் மாமியார் வீட்டுக்கு. பஸ் ஏன் கூடாது என்று கேட்டாயே, அந்தப் பஸ்ஸில் நீ ஏறிப் பார். கருவாட்டுக் கூடையும் கருப்பட்டிச் சிப்பமும் உட்கார்ந்து வரும், மனுஷர்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். அதுவும் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க ஆளில்லை. உன்னைப் போல. இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம். உப்பளத்துப் பக்கம் எதிர்க்காற்று சைக்கிளைப் பின்னால் தள்ளுகிறது, மிதித்தால்தான் நின்ற இடத்திலாவது நிற்கலாம். போய்ச் சேரும்போது முழங்காலுக்குள் மண் அரைகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நடப்பேன். அது அவர்களுக்குத் தெரியக் கூடாதென்று பெல்லைத் துடைக்கிறது போலப் பாவனை செய்வேன்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போன பெண்ணையும் பிள்ளையையும் கட்டியவன் வந்து கூட்டிப் போவதுதான் நம் வழக்கம். நீ வராததால் நான் போய் நின்றேன். மரியசெல்வி மரியாதையாகத்தான் பேசினாள். "கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவரு வரட்டும் மாமா. நீங்க எப்பவும் வாங்க" என்றாள். உன் மாமியார் பிலோமிதான் சும்மா இருக்கமாட்டாள். ஒவ்வொரு வாரமும் எனக்கு மோர் கொடுக்கும்போது, "என்ன சம்மந்தி, ஒங்க கப்பக்காரரு இந்தத் திருநாளுக்காவது கரையேறுவாரா?" என்று கேட்பாள். மோரையும் குடித்து, அதையும் குடித்துவிட்டு வருகிறேன்.

குழந்தை நடக்கிறாள். உன் அம்மா பெயரைத்தான் வைத்தோம், பிளாரன்ஸ். அதையாவது நினைவில் வைத்திருக்கிறாயா? பெல் சத்தம் கேட்டதும் தத்தித் தத்தி ஓடிவருவாள். என்னிடம் இல்லை, சைக்கிளிடம். பெடலைப் பிடித்துச் சுற்றி, சக்கரத்தைத் தட்டி, "அப்பா, அப்பா" என்பாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. மரியசெல்விதான் சொன்னாள். தொடக்கத்தில் குழந்தை கிரீசில் கை வைத்தபோதெல்லாம், "தொடாதளா, அது அப்பா சைக்கிள்" என்று அவள் சொல்லுவாளாம். குழந்தை பாதியைப் பிடித்துக்கொண்டது, மீதியை விட்டுவிட்டது. உன் மகளுக்கு அப்பா என்றால் இரண்டு சக்கரமும் ஒரு பெல்லும். நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். உன்னைவிட அந்த இரும்பு மேல். வாரம் தவறாமல் வருகிறது.

போட்டோ என்றதும் நினைவுக்கு வருகிறது. வெள்ளைத் தொப்பி வைத்து, மார்பை நிமிர்த்தி, எஞ்சின் ஆபீசர் மாதிரி எடுத்தாயே, அது இன்னும் பிலோமி வீட்டு நடுச்சுவரில் தொங்குகிறது. கல்யாணம் பேசும்போது எஞ்சின் ரூம் வேலை என்றாய். நானும் நம்பி, சபையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நேற்று ஜேசுபாதம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுப்படிலதான் நிக்கான் அண்ணாச்சி, கிழங்கு உரிக்கான்" என்றான். இதற்காகத்தான் ஒளிகிறாயா? கப்பலில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டாமா? கிழங்கை யாராவது உரித்துத்தானே ஆகவேண்டும்? உரிக்கிற கையை நான் கேவலமாக நினைக்கவில்லை. சொந்தத் துறைமுகத்தில் மூன்று நாள் திருடனைப் போலப் பதுங்கி நின்ற உன்னைத்தான் கேவலமாக நினைக்கிறேன். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

நேற்றே பழையகாயலுக்குப் போய் மரியசெல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க நான் உன்னைப் போல இல்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அந்தத் தொப்பி அவருதில்லன்னு படம் வந்த அன்னைக்கே தெரியும் மாமா. பெரிசா இருந்து காது ரெண்டும் மடங்கிக் கெடக்கே" என்றாள். "கிழங்குதான உரிக்காரு? இங்கன வந்து உரிக்கச் சொல்லுங்க, வீட்லயும் கிழங்கு இருக்கு" என்று சிரிக்கவும் செய்தாள். பிறகு கப்பல் நின்ற கதையைச் சொன்னேன். "மூணு நாளா மாமா?" என்று மட்டும் கேட்டாள். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

நான் புறப்படும்போது வாசல்வரை வந்தாள். நான் நொண்டுவதை இதுவரை பார்க்காதது போல இருந்தவள், நேற்று பார்த்ததை மறைக்கவில்லை. சீட்டைக் கையால் தட்டினாள். "இத ஏத்திருங்க மாமா. கால் முடியாமப் போயி நீங்களும் வரலன்னா நாங்க யாரப் பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள். கச்சான் பின்னாலிருந்து தள்ளியும், வீடு வந்து சேர எனக்கு நேற்று நேரம் அதிகம் ஆயிற்று.

இன்று காலை சைக்கிள் கடை தாணுலிங்கத்திடம் போனேன். நான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்ததெல்லாம் வெளியேதானாம். உள்ளே உப்புக் காற்றில் குழாயோடு குழாய் பிடித்துவிட்டதாம். அறுத்துத்தான் எடுக்கவேண்டும், உயர்த்தி வைத்துப் பற்ற வைத்துவிட்டால் அதன்பிறகு இறக்க முடியாது என்கிறான். "யோசிச்சுச் செய்ங்க அண்ணாச்சி" என்றான். இந்த ஊரிலேயே முதல்முறையாக ஒருவன் எனக்கு யோசனை சொல்லாமல் யோசிக்கச் சொன்னான். யோசித்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் மாதா கோயிலில் கொடி ஏறுகிறது. ஆகஸ்ட் ஐந்து திருநாள். அதுவரை சைக்கிளை இப்படியே ஓட்டுவேன், முழங்கால் இடித்தாலும் ஓட்டுவேன். திருநாள் மறுநாள் காலையில் தாணுலிங்கம் கடைக்குக் கொண்டுபோய் என் காலுக்கு அளந்து உயர்த்திவிடுவேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அது தாத்தா சைக்கிள் என்று பிளாரன்சுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சின்னப்பிள்ளை, சீக்கிரம் மாற்றிக்கொள்வாள். அப்பா என்ற சொல்லுக்கு அதன்பிறகு அவளிடம் வேலை இருக்காது.

தைலத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பிலோமிக்கும் இடுப்பு வலி என்றாள், அவளிடம் கொடுத்துவிட்டேன். மருமகன் அனுப்பியது என்று சொல்லித்தான் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த அளவுக்கு உனக்கு நான் செய்திருக்கிறேன்.

வரும்போது தொப்பி வேண்டாம். அடுப்புக்கரி படிந்த சட்டையோடு வந்தாலும் போதும், வாசலில் யாரும் உன்னை நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டோம். நான்கூடக் கேட்கமாட்டேன். கேட்கவேண்டியதையெல்லாம் இதிலேயே கேட்டுவிட்டேன்.

பனிமய மாதா உன்னைக் கடலிலும் அடுப்படியிலும் காப்பாற்றட்டும். என் முழங்காலுக்காக நீ ஜெபிக்க வேண்டாம். உன் கால் பெடலுக்கு எட்டும்போதே வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இஞ்ஞாசி