ஒன்றரை மணிக்கு மேல் வைத்த தீ

அப்பா, நான் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா?

செயற்கைக்கோள் படத்துல தீப்புள்ளிகளை எண்ணி, அறுப்பு முடிஞ்ச வயல்ல நிக்கற நெல்லுத்தாளைக் கொளுத்தின புகை எவ்வளவுன்னு கணக்குப் போடறதுதானே என் வேலை. நேத்து நம்ம ஊர்ப் படத்துல ஒரு புள்ளிகூட இல்லை. "உங்க ஊர்க்காரங்க திருந்திட்டாங்கப்பா"ன்னு மேலதிகாரி எல்லார் முன்னாடியும் என் முதுகைத் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

செயற்கைக்கோள் மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கடந்து போயிடும், அதுக்கு மேல கொளுத்துங்கன்னு உங்ககிட்ட சொன்னதே நான்தான். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க போல. கூனிக்குறுகிப் போயிட்டேன்ப்பா.

எத்தனை வயல் எரிஞ்சதுன்னு எழுதுங்க, நானே போய் ஒத்துக்கறேன். அப்படியே என் பழைய போர்வையையும் அனுப்புங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. அம்மாவுக்கு இருமலே இல்லைன்னு எழுதியிருந்தீங்களே, அதாச்சும் நிஜமாப்பா?

உங்க சின்னவன்