சுவர் வழக்கு, பாடல்களுடன்

மார்ச் 3, செவ்வாய்

மாலைநேர இசைக் கல்லூரியின் முதலாண்டு இறுதிப் படைப்புக்கு நானும் மருமகளும் கூட்டாகப் பதிவு செய்துள்ளோம். மெட்டும் பியானோவும் அவள், சொற்கள் நான். கரு: இரு வீடுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சுவர் யாருக்குச் சொந்தம்? நீதிமன்றத்திலேயே நரைத்த ஒருவனுக்கு இதைவிட உருக்கமான கரு கிடைக்குமா? கிடைக்காது என்பதே என் தாழ்மையான கருத்து.

மார்ச் 8, ஞாயிறு

வாதி பாடினால் பிரதிவாதி பதில் பாட வேண்டாமா? ஒரு தரப்பை மட்டும் கேட்பது நியாயமாகாது. அந்தப் பதிலுக்கு வாதியின் மறுமொழிப் பாட்டு. பிறகு சாட்சிகள், ஒவ்வொருவருக்கும் குறுக்கு விசாரணைப் பாட்டு. பதினேழு பாட்டுகள் ஆகிவிட்டன, தீர்ப்புப் பாட்டு நீங்கலாக. கால் தரையில் பாவவில்லை.

மகன் எட்டிப் பார்த்து, "அப்பா, பாக்க வர்றவங்க சாப்பாடு கட்டிட்டு வரணுமா?" என்றான். பொருட்படுத்தவில்லை.

மார்ச் 11, புதன்

ஆசிரியை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். "சார், உங்களுக்குப் பன்னிரண்டு நிமிஷம். வெள்ளிக்கிழமை மேடை." நேரம் தாண்டினால் படைப்பு ஏற்கப்படாது, ஏற்கப்படாதவருக்கு இரண்டாம் ஆண்டில் இடமில்லை. கால அவகாசம் கோரினேன்.

"இது கோர்ட் இல்ல, சார்."

மருமகளோடு வீடு திரும்பினேன். நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்றுவிட்டு வகுப்புக்கு ஓடி வருகிறவள். வீட்டுப் படியேறும்போதுதான் சொன்னாள்: "மாமா, நீங்க ஆசைக்குப் படிக்கிறீங்க. எனக்கு இந்த இடம் வேணும்."

அட, என்னடா பண்ணி வெச்சிருக்கே! அந்த மறுமொழிப் பாட்டை எவன் கேட்டான்?

மார்ச் 12, வியாழன்

நீதிபதி பொறுமை இழக்கும்போது விவரமுள்ள வழக்கறிஞர் ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை "வலியுறுத்தவில்லை" என்று கைவிடுவார். காலையில் நானும் மருமகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம்; அவள் ஒவ்வொரு தாளாக எடுத்தாள்.

"நிலம் அளக்கிறவர் பாட்டு?"

"வலியுறுத்தவில்லை."

"கொத்தனார் கோரஸ்?"

"அது நல்லா வந்திருக்கேம்மா!"

"மாமா."

"வலியுறுத்தவில்லை."

அடுப்படியிலிருந்து மனைவி: "ஒரு வாக்கியத்தைச் சுருக்குங்கன்னு எத்தனை வருஷமா கெஞ்சறேன்! நீ என்னம்மா மாயம் பண்ணே?"

எஞ்சியவை வாதியின் பாட்டும் பிரதிவாதியின் பாட்டும். தீர்ப்பையும் சேர்த்தால் பதினைந்து நிமிடம். அவள் தீர்ப்புப் பாட்டின் தாளை என் பக்கம் நகர்த்தினாள். தீர்ப்பே இல்லாத வழக்கா! — குறுக்கே கோடிட்டு அடித்தேன். அடித்த பிறகு இருவருக்கும் சிரிப்பு, அடக்கவே முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பதினொன்றரை நிமிடம்! நான் வாதி, அவள் பிரதிவாதி. இறுதியில் இரண்டு மெட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எவரும் விட்டுக்கொடுக்காத உச்சத்தில், பியானோவைச் சட்டென்று நிறுத்தினாள். அடுத்த நொடி தேர்வாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். சுவர் வாதிக்கே என்றார் ஒருவர். "அந்தப் பொண்ணு சொல்றதுதாங்க நியாயம்," என்றார் மற்றவர். முன்னவர் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்: "சுவர் யாரோடதுன்னு சொல்லிட்டுப் போங்க!"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் மருமகள், "அதுக்குத்தான் சார், ரெண்டு பேருக்கும் அடுத்த வருஷம் இடம் கேக்கறோம்," என்றாள்.

என்னையும் சேர்த்துக்கொண்டாள்! என் தரப்பில் மேற்கொண்டு சொல்வதற்கு எதுவுமில்லை.

ஜூன் 15, திங்கள்

நீதிமன்ற வராந்தாவில் நான் சீட்டியடித்துக்கொண்டு வந்தேனாம். குமாஸ்தா பதறி, "சார், வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றார். நலமே என்றேன். இனி மாலை ஆறுக்கு மேல் கட்சிக்காரர் எவருக்கும் நேரம் தர வேண்டாம், எனக்கும் மருமகளுக்கும் இரண்டாம் ஆண்டு வகுப்பு இருக்கிறது என்றும் தெரிவித்தேன். அதைச் சற்றே இழுத்து, மேல்ஸ்தாயியில் தெரிவித்துவிட்டேனோ என்று ஓர் ஐயம்.